ஏறாது என்றுதான் எழுதினேன்

எங்கள் வீட்டில் நான் எழுதுவதை யாரும் வாசிப்பதில்லை. என் தம்பி தன் வாழ்நாளில் வாசித்தது என்னுடைய ஒரே ஒரு கட்டுரையைத்தான். அதிலும் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது நான் எழுதாத ஒரு சொல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருக்கிறது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பலாங்கொடையில் வாகனம் ஓட்டப் பழக்குவது என் தொழில். எங்கள் பக்கத்தில் அந்த இடத்துக்கு லேர்னர்ஸ் என்று பெயர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, 'எல்' போட்ட இரண்டு கார்கள், ஒரு பழைய வான். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதோடு, கொழும்பிலிருந்து வருகிற ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வாகனங்களைப் பற்றி வாராவாரம் எழுதுகிறேன். ஒரு நாள் அதே இணைப்பில், ஏதோ ஒரு காரைப் பற்றி, 'மேகத்தில் மிதப்பது போன்ற பயணம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் காரில் நான் மூன்று மாதம் ஆட்களைப் பழக்கி முதுகுவலி வந்து படுத்திருக்கிறேன். கோபம் வந்து, மேகத்தில் இவ்வளவு குழிகள் இருப்பது தெரியாது என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, அப்படியானால் நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எழுத வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த உலகத்தில் வாகனத்தைப் பற்றி உண்மை சொல்ல யாருக்குமே மனமில்லை என்று. விற்பவன் சொல்லமாட்டான், அது அவன் பிழைப்பு. வீடியோ போடுகிற பையன்கள் கொழும்புக் கடற்கரைப் பாதையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்து கால் நீட்டி, இடம் தாராளம் என்பார்கள். தனியாக உட்கார்ந்தால் கோழிக்கூட்டிலும் இடம் தாராளம்தான். சரி, வாங்கி ஓட்டுகிறவர்களிடமே கேட்போம் என்று போனால் அவர்கள் அதற்கும் மேல். எங்கள் மலைப்பக்கத்து சாரதிகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. வண்டிக்குப் பக்கத்தில் நின்று வண்டியைக் குறை சொல்லக்கூடாது, விற்கப் போவதாகப் பேசக்கூடாது, வண்டிக்குக் கேட்கும், கோபித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும் என்பார்கள். புகை கக்கிக்கொண்டு நிற்கிற வண்டியின் பானட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "தங்கமான வண்டிங்க, ஒரு குறையும் இல்லைங்க" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதை நான் அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு எங்கே போனது புத்தி?

வாசிக்கிறவர்களாவது நம்புவார்களா என்றால், அதுவும் கிடையாது. ஒரு வண்டியைப் புகழ்ந்தால், எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். திட்டினால், அடுத்த கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று கேட்பார்கள். இரண்டும் இல்லாமல் நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எழுதினால், முடிவாக என்னதான் சொல்ல வருகிறீர்கள் மிஸ் என்பார்கள். ஒரு பெண் பிள்ளைக்குக் கார்களைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்கிறவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

இதையெல்லாம் விடக் கொடுமை, பத்திரிகைக்குள்ளேயே நடக்கிற திருத்தம். எங்கள் ஆசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் 'குறை' என்ற சொல்லைக் கண்டால் அவருக்குக் கை நடுங்கும். ஒரு காரின் எஞ்சின் காது கிழிய இரைகிறது என்று எழுதி அனுப்பினேன். 'இயந்திரத்தின் இருப்பை உணர முடிகிறது' என்று அச்சில் வந்தது. இருக்கை பலகைபோல் இருக்கிறது என்று எழுதினேன், 'உறுதியான இருக்கைகள்' என்று வந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காருக்குத்தானே, போனால் போகிறது என்று விட்டுக்கொண்டே வந்தேன். காருக்குள்ளே ஆட்கள் உட்காருவார்கள் என்பது என் தம்பி விஷயத்தில்தான் நெஞ்சில் வந்து இடித்தது.

என் தம்பி பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறான். அவன் மனைவிக்கு அங்கே பிள்ளை மடுவத்தில் வேலை, கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். தம்பி, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற பிள்ளைகளைக் காலையில் வானில் ஏற்றி டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் திருப்பிக் கூட்டி வருவான். அதுதான் அவன் பிழைப்பு. அவனுடைய பழைய வானின் அடித்தகடு துருப்பிடித்து, உள்ளே உட்கார்ந்தால் கீழே ரோடு தெரிகிற நிலைக்கு வந்துவிட்டது. நாட்டில் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் வேறு வண்டி வாங்க வழியில்லாமல் தகரம் வைத்து அடைத்து அடைத்து ஓட்டினான். இறக்குமதி மறுபடி திறந்து புது வண்டிகள் வரத் தொடங்கியதும், ஒரு வெள்ளை நிற வானில் அவன் கண் விழுந்துவிட்டது.

விழுந்தது வானில்கூட இல்லை, அதன் கதவில். பொத்தானை அமத்தினால் கதவு தானாக வழுக்கித் திறக்கும். அந்த வீடியோவைப் போனில் எத்தனை தரம் எனக்குக் காட்டியிருப்பான் என்று கணக்கே இல்லை. பிள்ளைகள் குதிக்கும் அக்கா, என்பான். எஞ்சின் எப்படி என்று கேட்டால், கதவைப் பாரேன் என்பான். இவன் வாகனம் வாங்கப் போகிறானா அலுமாரி வாங்கப் போகிறானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே வானைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்ட கம்பெனி ஒரு பயணம் ஏற்பாடு செய்தபோது நானும் போனேன். கொழும்பிலிருந்து கண்டி வீதியில் ஆறேழு வான்கள் வரிசையாகப் போனோம், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். மாவனல்லையில் ஒரு கடையில் புரியாணி, வட்டலப்பம், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பரிசுப் பை. பிறகு கடுகண்ணாவை ஏற்றம். பளபளவென்ற தார் வீதி, வெயில், வானுக்குள் இரண்டு பேர், ஏசிக் குளிர். ஏறாமல் என்ன செய்யும்? மேலே போய் இறங்கியதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து, மலை ஏற்றத்தில் அபாரம் என்று சொல்லிக்கொண்டார்கள். வயிற்றில் புரியாணி இருக்கும்போது மலைகூடச் சமதரைதான். நானும் சாப்பிட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் தம்பி ஓட்டப்போவது கடுகண்ணாவையில் இல்லையே.

அங்கே நின்ற கம்பெனிப் பையனிடம் சிங்களத்தில் கேட்டேன், ஒரு நாளைக்கு இந்த வானை எங்கள் ஊருக்குக் கொண்டு போகலாமா என்று. அவன் தயங்கினான், யாருக்கோ போன் எடுத்தான். தோட்டப்பக்கத்திலும் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், தமிழில் எழுதினால் அவர்கள் வாசிப்பார்கள் என்று சொன்னதும், பிரச்சினையே இல்லை மிஸ் என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. தம்பி வாடகைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கதிர்காமத்துக்கு ஹயர் போயிருந்தான். நான் வானை எடுத்துக்கொண்டு நேரே அவன் தோட்டத்துப் பாதைக்குப் போனேன். அடிவாரத்தில், டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் என்னைக் கண்டு கை காட்டினார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அரிசிப் பை, மாப் பை, மரக்கறிப் பை எல்லாவற்றோடும் பின்னால் நெருக்கி ஏறிக்கொண்டார்கள். கதவு தானாக மூடியதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

பங்களா வளைவு என்று நாங்கள் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. தோட்டத்து மேலாளரான தொரையின் பங்களாவுக்குப் பிரிகிற வழிக்குச் சற்றுக் கீழே, பாதை செங்குத்தாக ஏறித் திரும்பும். தார் என்றைக்கோ போய்விட்டது, காங்கிரீட்டில் பாசி. ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற கான், மறுபக்கம் தேயிலைச் சரிவு, சரிவுக்குக் கீழே ஓயா என்கிற ஆறு. அந்த வளைவில் வான் நின்றது. எஞ்சினுக்குப் பலம் இல்லாமல் இல்லை. முன் சக்கரத்தால் இழுக்கிற வண்டி அது. பின்னால் ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்ததும் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் இலேசாகிவிட்டது. முன் சக்கரங்களுக்குப் பிடி இல்லை, நின்ற இடத்திலேயே சுற்றின. பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும்போதே வண்டி மெதுவாகப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி, பின் சக்கரத்தைக் கான் பக்கமாக விட்டுத்தான் நிறுத்தினேன். சரிவுப் பக்கம் திரும்பியிருந்தால் இதையெல்லாம் எழுத நான் இருந்திருக்கமாட்டேன். பெண்கள் இறங்கி, பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்து போனார்கள். வெறும் வண்டி பிறகு ஏறியது.

அன்றைக்கே எழுதினேன். கதவைப் புகழ்ந்தேன், பெற்றோல் செலவு குறைவு என்பதையும் எழுதினேன், சமதரையில் ஓடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம் என்றும் எழுதினேன். எம்பிலிப்பிட்டியாப் பக்கத்து ரோடுகளுக்கு அது நல்ல வண்டிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில், 'ஆட்களை ஏற்றிக்கொண்டு மழையில் தோட்டத்துப் பாதையில் இந்த வண்டி ஏறாது. முயன்றால் பின்னால் வழுக்கும்' என்று எழுதினேன். இதைவிடத் தெளிவாகத் தமிழில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பேப்பரை விரித்தேன். என் பெயர் இருந்தது, என் படம் இருந்தது, கதவு இருந்தது. கடைசி வரி இப்படி வந்திருந்தது: 'தோட்டத்துப் பாதைகளையும் ஓரளவு சமாளிக்கும்.'

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. உடனே ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குடும்பத்தோடு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார், பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. கடைசிப் பக்கத்தில் அந்தக் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் இருப்பதைப் பார்த்தேன் என்று சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். சம்பந்தமில்லாமல்தான் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே தாளில் அச்சாகி வந்தது தற்செயல்தான். பிறகு அவர் பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தார்.

"குறைய நாங்க மறைக்கலையே மிஸ். 'சமாளிக்கும்'னா என்ன? கஷ்டப்பட்டுத்தான் ஏறும்னுதானே அர்த்தம். போதாததுக்கு 'ஓரளவு'ன்னு வேற போட்டிருக்கேன். வாசகருக்குப் புரியும்."

இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் ஆத்திரத்தை இரண்டு மடங்காக்கியது. கொழும்பில் ஒரு காரைப் பற்றி, சமாளிக்கும் என்று சொன்னால், சுமார்தான், வேறு கிடைத்தால் அதை வாங்குங்கள் என்று பொருள். அவருடைய காதில் அது குற்றச்சாட்டு. எங்கள் லயத்துக் காதில் அது பட்டம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், சமாளிச்சிக்கிட்டு இருக்கோம்ங்க என்பதுதான் எங்கள் ஆட்களின் நல்ல நாள் பதில். ஒரு பெண் நாலு பிள்ளைகளை வளர்த்து, வயசான மாமியாரையும் பார்த்து, கொழுந்து பறிக்க மலைக்கும் போய் வந்தால், அவ சமாளிப்பாங்க என்று சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு எங்கள் பேச்சில் கிடையாது. ஏறும் என்று மட்டும் போட்டிருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். சமாளிக்கும் என்று போட்டதும் சந்தேகம் எல்லாம் போயே போய்விட்டது. இதை அவரிடம் விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு, நீங்கள் சொல்லை ரொம்பப் பார்க்கிறீர்கள் என்றார். எழுதுகிறவள் சொல்லைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். எழுத்துப்பிழைக்குத்தான் திருத்தம் போடுவார்களாம்.

அன்றைக்குப் பின்னேரமே தம்பி வந்துவிட்டான், கையில் அந்தப் பேப்பர். முகமெல்லாம் பல். இவ்வளவு நாளும் அந்த வண்டி வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேனே, இப்போது நானே எழுதிவிட்டேனாம். நான் எழுதவில்லையடா, மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். வளைவில் வழுக்கியதைச் சொன்னேன். அவன் கேட்கவேயில்லை.

"உன் பேருதானே போட்டிருக்கு? உன் படம்தானே? 'தோட்டத்துப் பாதைகளையும்'னு போட்டிருக்கு, நல்லாப் பாரு. எழுதுறப்ப உண்மையச் சொல்லிட்டு, தம்பி வாங்கப் போறான்னதும் பயந்துக்கிற."

என் போனில் இருந்த மூலக் கட்டுரையைக் காட்டினேன். அதை இப்போதுகூட எழுதிக் காட்டலாமே என்றான். வழுக்கியதற்கு சாட்சி சொல்லப் பெண்களை அழைத்து வருவேன் என்றேன். அதற்கு அவன் சொன்னது இருக்கிறதே, அதை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். நீ ஓட்டினதால வழுக்கியிருக்கும்க்கா, என்றான். இவனுக்குக் கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்தவளே நான். பழகும்போது என் காரை ஒரு மதிலில் கொண்டுபோய்ச் சொருகியவன் இவன். நான் எழுந்து போய்ப் பிளேன்டீ ஊற்றினேன். அங்கேயே இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

வண்டியைப் பதிவு செய்யப் போன அன்றைக்கு, கடைசியாக ஒரு முயற்சி செய்வோம் என்று நானும் அவனோடு இரத்தினபுரிக்குப் போனேன். விற்பனை நிலையத்தின் கண்ணாடிக் கதவில் என் கட்டுரையைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். கடைசி வரிக்கு மஞ்சள் கோடு. உள்ளே இருந்த பையன் என்னைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து நின்று நாற்காலி போட்டான். தமிழ் ஆட்கள் வந்தால் இந்த வரியைத்தான் காட்டுவதாகச் சொன்னான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, யாரோ கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவனிடம் சிங்களத்தில், அந்த வரி பொய், ஆள் ஏற்றினால் இந்த வண்டி எங்கள் பாதையில் ஏறாது என்று சொன்னேன். பையன் முகம் சுருங்கிப்போய்த் தம்பியைப் பார்த்தான். தம்பி, அக்கா சும்மா பகிடிக்குச் சொல்றாங்க என்று சிங்களத்திலேயே சொல்லிச் சிரித்து, கையெழுத்துப் போட்டான். சொந்த எழுத்தே எனக்கு எதிராகக் கதவில் நின்று சாட்சி சொல்லும்போது என் வாய்ப்பேச்சு எங்கே எடுபடும்?

வண்டி வந்தது. கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தான். பிள்ளைகள் கதவைப் பார்த்துக் குதித்தார்கள், அதை மட்டும் அவன் சரியாகச் சொல்லியிருந்தான். வெயில் காலம், பாதை காய்ந்து கிடந்தது, வண்டி ஏறியது. போனில் கூப்பிட்டு, பாத்தியா என்பான். நானும் ஒருவேளை நான்தான் மிகையாகப் பயந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அப்படி நினைக்க ஆசையாகவும் இருந்தது.

மழை தொடங்கிய பிறகு அவன் போனில் கூப்பிடுவது குறைந்தது. வேலை கூடிவிட்டது போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் பின்னேரம், அவன் மனைவிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு வரலாம் என்று தோட்டத்து பஸ்ஸில் ஏறினேன். தூறல். பங்களா வளைவுக்குக் கீழே பஸ் நின்றது. முன்னால் ஏதோ வாகனம் நிற்கிறது என்று கண்டக்டர் சொன்னார். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வெள்ளை வான். அதன் பின்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகள், வெள்ளை உடுப்போடு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பின்னால் பார்த்துச் சிரித்தார்கள். முன் சக்கரம் சுற்றுகிற சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது. வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. பிள்ளைகளும் ஒரு முழம் பின்னால் வந்தார்கள், மறுபடி தள்ளினார்கள்.

நான் எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. விலகுங்கடா, விலகுங்கடா என்று கத்திக்கொண்டு போய் ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து இழுத்துக் கான் பக்கமாக விட்டேன். ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அண்டை வைத்தேன். தம்பி இறங்கி வந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்தால், இது முதல் தடவை இல்லை என்று தெரிந்துவிட்டது.

மேலே இருந்து நாலைந்து தாய்மார் குடையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள். மழை நாட்களில் அப்படித்தானாம். அவர்களில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு, சிரித்துக்கொண்டே, "நீங்க பேப்பர்ல எழுதுன வண்டிதானேங்க அக்கா இது. தம்பி எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனாரு. அதனாலதான் நாங்களும் புள்ளைகள தைரியமா அனுப்புறோம்" என்றாள்.

அவள் நன்றியாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தம்பி அவளுக்குப் பின்னால் நின்று, ஒன்றும் சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினான். கொழும்பு ஆசிரியருக்கு ஒரு முழுப்பக்க விளம்பரம் இருந்தது. எனக்கு இருந்தது இவன். சின்ன வயசில் இருந்து நான் தூக்கிச் சுமந்தவன், அவன் வீட்டு அடுப்பு எரிவது இந்த வண்டியால். ஆனால் பின் கண்ணாடியில் அந்தச் சின்னப் பிள்ளைகளின் மூக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் அப்படி எழுதலைங்க. பேப்பர்க்காரங்க மாத்திட்டாங்க. ஆள் ஏத்துனா மழைக்கு இந்த வண்டி இங்க ஏறாது, பின்னால வழுக்கும். பாதிப் புள்ளைகளா ரெண்டு தடவை கூட்டிப் போனா ஏறும். இனி ஒரு புள்ளையும் பின்னால நின்னு தள்ளக்கூடாதுங்க."

ஒருத்தி மெதுவாகப் போய், கதவைத் திறந்து, தன் மகளை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். சிரித்தவள் தம்பியைப் பார்த்து, அப்ப நாளையிலேருந்து ரெண்டு தடவையா வாங்க தம்பி, இல்லாட்டி நாங்க பஸ்லயே அனுப்பிக்கிறோம் என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. பஸ் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் நடந்து மேலே போன பிறகு தம்பி என் முன்னால் வந்து நின்றான்.

"ஏங்க்கா என் பொழப்புல மண்ணள்ளிப் போடுற?"

நான் சொன்னேன், நீ வாங்கும்போதே சொன்னேனே என்று. ஆனால் அதைச் சொன்னதில் எனக்கு எந்த நிம்மதியும் இல்லை. அவன் வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு மேலே போனான். நான் அவன் மனைவியைப் பார்க்கப் போகாமல் அங்கேயே நின்று, அதே பஸ் மேலே போய்த் திரும்பியபோது ஏறி வந்துவிட்டேன்.

நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். நன்றாக இருக்கிறது மிஸ், ஆனால் இது உங்கள் குடும்ப விஷயம் மாதிரி இருக்கிறதே என்று பதில் வந்தது. அடுத்த வாரத்துக்கு டயர்களைப் பராமரிப்பது எப்படி என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போட்டார்கள்.

தம்பி என்னோடு பேசுவதில்லை. பெற்றோல் இரண்டு மடங்கு போகிறது, காலையில் இருட்டோடு எழும்ப வேண்டியிருக்கிறது, வீட்டில் எந்நேரமும் எரிச்சல் என்று அவன் மனைவி போனில் சொன்னாள். போன வாரம் கடைவீதியில் ஒரு பெண்ணுக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தபோது வெள்ளை வான் எதிரே வந்தது. பலமான மழை. வைப்பர் ஓடுகிற கண்ணாடிக்குப் பின்னால் தம்பியின் முகம் தெரிந்தது. என்னைக் கண்டும் நேரே பார்த்தபடி போனான். என்னோடு இருந்த பெண், உங்க தம்பி இல்லையா மிஸ் என்று கேட்டாள். நான் திரும்பி வானின் பின்பக்கத்தைப் பார்த்தேன். தாழ்ந்திருக்கவில்லை. உள்ளே பாதிப் பிள்ளைகள்தான் இருந்தார்கள்.